தார்த்துவில் கேட்ட பாங்கு

விளக்கேற்றுவதற்கு முன்பே ரோஹித்தை உள்ளே போகச் சொல்லிவிட்டாள் பத்மா. கொலு பார்க்க வருகிறவர்கள் எந்த நேரமும் மணி அடிக்கலாம்.

"தண்ணி பாட்டில் எடுத்துண்டியா?"

"எடுத்தாச்சும்மா."

"பாத்ரூம் போயிட்டு வந்துடு. அப்புறம் அவா போற வரைக்கும் வெளியில வர முடியாது."

"அம்மா, ஃப்ளைட்ல ஏத்தற மாதிரியே சொல்றே," என்றாள் ஷ்ருதி. அவனுடைய தங்கை, பதினான்கு வயது. சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "சீட் பெல்ட்டும் போட்டுக்கச் சொல்லு."

"வாயை மூடிண்டு வேலையைப் பாரு."

"நான் என்ன சொன்னேன்? ஸ்கூல்ல கேட்கறா, உங்க அண்ணா எங்கே இருக்கான்னு. பக்கத்து ரூம்னா சொல்ல முடியும்?"

ரோஹித் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

ஊரறிய அவன் தார்த்துவில் இருந்தான். எஸ்தோனியாவில், ஓர் ஆற்றங்கரையில் இருக்கும் சின்னப் பல்கலைக்கழக நகரம். துபாயில் அவன் படிக்கும் கல்லூரியிலிருந்து இரண்டு பேருக்கு அங்கே ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்தது. ஒருவன் ஹஸ்னைன், இன்னொருவன் ரோஹித். ஹஸ்னைன் போய்விட்டான். ரோஹித் துபாயிலேயே அல் குசைஸில், தன் வீட்டில், தன் அறையில் இருந்தான்.

ஜூலை பிறந்தால் வளைகுடாக் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடும். பள்ளி திறக்கும்போதுதான் திரும்பும். அதனால் வழியனுப்பு வைப்பதென்றால் ஜூனிலேயே வைத்துவிட வேண்டும். பத்மா வைத்தாள். அப்பா சேதுமாதவனின் மேலாளருடைய மனைவி வசுமதி ஒரு முதுகுப்பை கொண்டுவந்து கொடுத்தாள். நகரின் பழைய பகுதி சத்வாவிலிருந்து கௌஸ் முகைதீனும் அவர் மனைவி மதீனா பீவியும் வந்தார்கள். ரோஹித் பிறந்தபோது சேதுமாதவன் குடும்பம் சத்வாவில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. கௌஸ் முகைதீனுக்கு அங்கே தையல் கடை. அவரே கையால் அளவெடுத்து, தடித்த கம்பளித் துணியில், முழங்கால் வரைக்கும் வருகிற மாதிரி ஒரு கோட்டு தைத்திருந்தார். "அங்க ஐஸா கொட்டுமாம்ல வாப்பா. உள்ள ரெண்டு லைனிங் வச்சிருக்கேன்."

விசா வந்துவிட்டதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. விசா இல்லாமல் யாராவது கேசரி கிளறுவார்களா?

விசாவுக்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும் என்பது ரோஹித்துக்குத் தெரியும். ஆனால் ஹஸ்னைன் எதுவும் வாங்கவில்லை. அவனிடம் கனடா பாஸ்போர்ட் இருந்தது, அதற்கு முன்கூட்டி விசா வேண்டாம். டிக்கெட் எடுத்தான், பெட்டி கட்டினான். அவனைப் பார்த்து ரோஹித்தும் அப்படியே இருந்தான். அவன் துபாயில் பிறந்தவன். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் துபாய் என்பான். கையில் இருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது ஏர்போர்ட் வரிசையில் நிற்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் விஷயம். ஸ்ரீரங்கத்தில் மாமா பிள்ளைகளோடு விடுமுறை போயிற்று. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே போயிற்று. ஆகஸ்டில் திரும்பி வந்து கணினியைத் திறந்தால் நவம்பர் வரைக்கும் ஒரு நேரம்கூடக் காலி இல்லை.

அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. விண்ணப்பம் கொடுக்கப் போனதாகவும், கவுண்டரில் இருந்த பெண் பேப்பர்களைச் சரியாகப் பார்க்காமலே திருப்பித் தள்ளிவிட்டதாகவும் சொன்னான். அப்படி ஒரு பெண் இல்லை. அவள் எந்த ஊர்க்காரி மாதிரி இருந்தாள், சிரித்தாளா, கொஞ்சமாவது பணிவாகப் பேசினாளா என்று அம்மா கேட்கக் கேட்க, அவன் அவளுக்கு ஒவ்வொன்றாகச் செய்து போட்டான். சுருட்டை முடி. சிவப்பு நகப்பூச்சு. பேசும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லை. அன்றிலிருந்து பத்மா சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்ட கையோடு, அந்தச் சிவப்பு நகக்காரியைச் சபித்தாள். "என் பிள்ளை வயித்தெரிச்சல் அவளைச் சும்மா விடாது."

சேதுமாதவன் யாரையும் சபிக்கவில்லை. இரண்டு வாரம் பொறுக்கலாம், வேறு ஏதாவது வழி இருக்கும் என்றார். வழி இல்லை. இங்கே கல்லூரியிலும் அந்த செமஸ்டருக்குப் பதிவு முடிந்துவிட்டது. அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் காய்கறிக் கடையில் வசுமதி பத்மாவைப் பார்த்தாள். "என்ன, ரோஹித் கிளம்பியாச்சா?" என்றாள்.

"ஆச்சு," என்றாள் பத்மா.

ஒரே ஒரு சொல். அதற்கப்புறம் வீட்டில் நான்கு பேரும் அந்தச் சொல்லை உட்காரவைத்துச் சோறு போட வேண்டியதாயிற்று. ஹஸ்னைன் அனுப்பும் படங்களில் ஹஸ்னைனை வெட்டிவிட்டு ஷ்ருதி அம்மாவுக்குக் கொடுப்பாள். அம்மா அவற்றை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். ரோஹித் அறைக்குள் உட்கார்ந்து கணினியில் தார்த்துவின் தெருக்களில் நடப்பான். நகர மன்றச் சதுக்கம், அதன் மூலையில் சாய்ந்து நிற்கும் வீடு, ஆற்றுப்பாலம். யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. நடந்து நடந்து ஊர் பழகிவிட்டது. பழகப் பழக அவனுக்கு அந்த ஊரைப் பார்க்கவே கூசியது.

மணி அடித்தது. வசுமதியின் குரல். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மணி. மதீனா பீவியின் குரல்.

"வாங்கோ மதீனா. அவர் வரலியா?"

"கீழ எறக்கி விட்டுட்டு டேராவுக்குப் போயிருக்காக, துணி எடுக்க. என்னா பத்மா, இந்த வருசம் பொம்மையெல்லாம் கூடுதலா இருக்கு? அந்தத் தடியன் யாரு, புதுசா?"

"கும்பகர்ணன்."

"நல்லாத் தூங்குறான். எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காக, வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ரோஹித்துக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது பத்மா வேலைக்குப் போவாள். பகலெல்லாம் அவன் மதீனா பீவியின் மடியில்தான். அவளுக்கும் பொய் சொல்லியாகிவிட்டது.

"பத்மா, ரோஹித்துக்கு ஒரு கால் போடேன்," என்றாள் வசுமதி. "என் பையன் அடுத்த வருஷம் அதே ஊருக்கு அப்ளை பண்ணப் போறான். நாலு விஷயம் கேட்டு வெச்சுக்கறேன்."

"கிளாஸ்ல இருப்பான் மாமி."

"சாயங்காலத்துல என்ன கிளாஸ்? இங்கேயும் அங்கேயும் ஒரு மணி நேரம்தானே வித்தியாசம். கொலுவையும் காட்டின மாதிரி இருக்கும். பாவம், குழந்தை பண்டிகைக்கு வீட்டுல இல்லை."

ரோஹித்தின் கைபேசி அதிர்ந்தது. ஷ்ருதி அனுப்பியிருந்தாள்: 'வீடியோ கால். ரெடியா இரு. குளிரணும்.'

அவன் எழுந்து ஏசியைப் பதினாறில் வைத்தான். அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான்களை மேலே வரைக்கும் மாட்டினான். படம் எதுவும் இல்லாத வெள்ளைச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தான். காதில் ஹெட்ஃபோனைச் செருகிக்கொண்டான்.

திரையில் வசுமதியின் முகம் பெரிதாக வந்தது. அவளுக்குப் பின்னால் படிகளும் பொம்மைகளும். எட்டிப் பார்க்கும் மதீனா பீவி.

"ரோஹித்! என்னடா, ஏன் இவ்வளவு மெதுவாப் பேசறே?"

"லைப்ரரில இருக்கேன் ஆன்ட்டி."

"குளுரு தாங்குதா வாப்பா?" என்றாள் மதீனா பீவி. பதிலுக்குக் காத்திராமல் வசுமதியிடம் திரும்பினாள். "நம்ம கடைக் கோட்டுதான். பாருங்க, தோள் எப்புடி உக்காந்திருக்கு."

"நல்லா இருக்கு மாமி. இங்கே எல்லாரும் கேட்கறா, எங்கே வாங்கினேன்னு."

இதை யாரும் அவனைக் கேட்கவில்லை. சொல்லவும் தேவையில்லை. வாயில் வந்துவிட்டது. மதீனா பீவியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தான்.

வசுமதி அடுக்கிக்கொண்டே போனாள். ஹாஸ்டலிலிருந்து கல்லூரி எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம், ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். வெஜிடேரியன் கிடைக்குமா? கிடைக்கும். சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. வாத்தியார்கள் இங்கிலீஷிலேயே நடத்துகிறார்களா? ஆமாம். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பேசப் பேசச் சரளம் வந்தது. சாய்ந்த வீட்டைப் பற்றி யாரும் கேட்காமலே சொன்னான். முதல் நாள் அதைப் பார்த்ததும் தனக்குத் தலை சுற்றியதாகச் சொன்னான்.

வசுமதி புருவத்தைச் சுருக்கினாள்.

"அது என்ன சத்தம்?"

"எது ஆன்ட்டி?"

"போன்ல பாங்கு மாதிரி கேட்கறதே."

அப்போதுதான் அவனுக்குக் கேட்டது. ஜன்னலுக்கு எதிரே பள்ளிவாசல். அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து முறை கேட்கும் குரல். ஏசி ஓடுவது காதில் விழாத மாதிரி அதுவும் விழாமல் போயிருந்தது. தார்த்துவில் அந்த ஓசை இல்லை என்பதை அவன் யோசித்திருக்கவே இல்லை.

திரையில் பத்மாவின் கை மட்டும் தெரிந்தது. அது புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

மதீனா பீவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வசுமதியிடம் சிரித்தாள்.

"அது நம்ம பள்ளி பாங்குங்க. இந்த போன் வழியாப் போயிட்டு மறுபடி நமக்கே திரும்பி வருது. மஸ்கட்ல இருக்க எங்க மவன் ஃபவாஸ்கிட்ட பேசுறப்பவும் இப்புடித்தான், நான் பேசுறது எனக்கே கேக்கும். படிக்கிற புள்ளைய விடுங்க. வைங்க போனை."

வசுமதி வைத்துவிட்டாள். ரோஹித் ஹெட்ஃபோனைக் கழற்றினான். கோட்டுக்குள் முதுகு நனைந்திருந்தது.

"மதீனா, நீங்க தொழுதுட்டு வாங்கோ. எப்பவும் அந்த உள் ரூம்லதானே," என்றாள் வசுமதி. கொலுவுக்கு வரும்போதெல்லாம் மதீனா பீவி ரோஹித்தின் அறையில்தான் மக்ரிப் தொழுவாள். ஹாலில் பொம்மைகள். பெற்றோர் அறையில் சாமி படங்கள். ரோஹித்தின் அறையில்தான் எதுவும் இல்லை. பத்மாவே போய் அங்கே பெருக்கி விரிப்புப் போட்டு வைப்பாள்.

"அந்த ரூம்..." என்றாள் பத்மா. "அந்த ரூம்ல சாமானெல்லாம் போட்டிருக்கேன். ஏசி வேற சரியில்லை."

"இல்ல பத்மா, நான் கெளம்புறேன். வீட்டுல போயித் தொழுதுக்கிறேன்."

"இப்போ எங்கே கிளம்பறேள்? ரோடு ஜாமா இருக்கும். சத்வா போறதுக்குள்ள நேரம் தாண்டிடுமே," என்றாள் வசுமதி. "சாமானை ஓரமாத் தள்ளினா போச்சு. நான் தள்ளித் தரேன்."

"வேணாங்க. ஒரு நாளு கழாவாப் போனாத் தப்பில்ல, பொறவு சேத்துத் தொழுதுக்கலாம். டாக்ஸி கெடைக்கும்."

சத்வாவில் சின்ன வயதில் அவன் பார்த்திருக்கிறான். அடுப்பில் மீன் கருகினாலும், கதவைத் தட்டுகிறவர் தட்டிக்கொண்டே நின்றாலும், மக்ரிபை அவள் தள்ளிப் போட்டதில்லை. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போகிறாள்.

ரோஹித் தாழ்ப்பாளைத் தள்ளினான்.

கோட்டோடு ஹாலில் வந்து நின்றான். ஷ்ருதி, "போச்சு," என்றாள்.

"மாமி, உள்ளே தொழுங்க," என்றான்.

மதீனா பீவி அவனையும் பத்மாவையும் பார்த்தாள். பிறகு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வசுமதியின் கையில் சுண்டல் கிண்ணம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி," என்றாள் பத்மா. "விசா கிடைக்கலை மாமி. கவுண்டர்ல இருந்த ஒருத்தி திருப்பிட்டா. எல்லாரையும் கூப்பிட்டு வழியனுப்பு வெச்சுட்டு... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அன்னிக்குக் கடைல நீங்க கேட்டேளா, வாய் தவறி..."

வசுமதி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட அசடே. இதுக்குப் போயா? என் தம்பிக்கு மூணு தடவை திருப்பினா. கல்யாணப் பத்திரிகையை வெச்சுக் கேட்டும் தரலை. நம்ம பாஸ்போர்ட்னா அவாளுக்கு இளக்காரம். இதுல நமக்கென்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியவ அவ."

"நிமிர்ந்தே பார்க்கலையாம் மாமி. குழந்தை அவ்வளவு பேப்பரையும் அடுக்கி எடுத்துண்டு போயிருக்கான்."

"நாசமாப் போறவ."

பத்மா அழ ஆரம்பித்தாள். பல வாரம் கழித்து வந்த அழுகை. வசுமதி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ரோஹித்தைப் பார்த்து, "நீ கவலைப்படாதே கண்ணா. உன் மேல என்ன தப்பு?" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

அவன் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். சாயங்காலங்களில் கீழே போய் டீ குடித்திருக்கலாம். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவனுக்காக இரக்கப்பட்டிருப்பார்கள்.

"நான் அப்ளை பண்ணவே இல்லை," என்றான்.

பத்மா நிமிர்ந்தாள்.

"நேரம் வாங்க மறந்துட்டேன். ஹஸ்னைன் மாதிரின்னு நினைச்சுண்டு இருந்துட்டேன். கவுண்டருக்கே நான் போகலை. அப்படி யாரும் இல்லை."

"யாரு இல்லை?" என்றாள் பத்மா.

"அந்தப் பொண்ணு."

உண்மையைச் சொன்னால் லேசாகிவிடும் என்று எங்கேயோ நினைத்திருந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மேலாளரின் மனைவி முன்னால், அவள் தோளில் சாய்ந்து கலைந்த தலைமுடியைக்கூட ஒதுக்காமல், பிள்ளை சொன்ன பொய்யை நம்பி அழுத கண்ணோடு நின்றாள். கதவைத் திறந்தபோது பட்ட வெட்கம் அவனுடையது. இப்போது அதை எடுத்து அம்மா தலையில் வைத்துவிட்டான்.

வசுமதி கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "சரி, நான் கிளம்பறேன் பத்மா. அவர் காத்துண்டிருப்பார்," என்றாள்.

வெறும் கையோடு அனுப்பக் கூடாது. பத்மா தட்டை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், ரவிக்கைத் துணி. குங்குமம் இட்டாள். அது நெற்றியில் கோணலாக விழுந்தது. வசுமதி துடைத்துக்கொள்ளாமலே போனாள்.

மதீனா பீவி அறையிலிருந்து வெளியே வந்தாள். ரோஹித்தின் அருகில் வந்து மேல் பொத்தானை அவளே கழற்றினாள்.

"கோட்டைக் கழத்து வாப்பா. வேர்த்து ஊத்துது." பிறகு பத்மாவிடம், "அவுக கீழ வந்துட்டாக. நாளைக்குப் போன் பண்றேன்," என்றாள்.

கதவு சாத்தியதும் ஹாலில் மூன்று பேர்தான் இருந்தார்கள். பத்மா சோபாவில் உட்கார்ந்தாள். கும்பகர்ணனைப் பார்த்தபடி இருந்தாள்.

"விளக்குக்கு முன்னால நின்னு என்னெல்லாம் சொன்னேன் அவளை," என்றாள். "யாரோ பெத்த பொண்ணுன்னுகூட நினைக்கலை. அவ குடும்பத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்."

"அம்மா, அவ இல்லவே இல்லை," என்றாள் ஷ்ருதி.

"நான் சொன்னது சொன்னதுதானே."

அப்புறம் அவனைப் பார்க்காமலே கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்போ வந்துடுவார். நான் சொல்ல மாட்டேன்."

அவன் கீழே இறங்கினான். வாசலில் நாற்காலி போட்டிருந்த காவலாளி ஆரிப், "அரே ரோஹித் பாய், கப் ஆயா?" என்று கேட்டான். எப்போது வந்தாய் என்கிறான். ரோஹித் கையை ஆட்டிவிட்டு வாசலைத் தாண்டினான். வெளியே புழுக்கம் முகத்தில் அறைந்தது.

அல் குசைஸில் ஆபீஸ் விடும் நேரத்தில் பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. சேதுமாதவனின் கார் கட்டடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ரோஹித் கையைக் காட்டினான். கார் சட்டென்று நின்றது.

"ஏறு, ஏறு. எதுக்குடா கீழே வந்தே? யாராவது பார்த்தாளா? தலையைக் குனிஞ்சுக்கோ."

ரோஹித் குனியவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சாச்சுப்பா. வசுமதி ஆன்ட்டி வந்திருந்தா."

சேதுமாதவன் அடுத்த திருப்பத்தில் காரைத் திருப்பினார்.

"போகட்டும்," என்றார். "ஒரு நாள் தெரிய வேண்டியதுதான். நாளைக்கு ஆபீஸ்ல நானே சொல்லிடறேன். விசா தரலைன்னா நாம என்ன பண்ண முடியும்? நீ தலை குனிய வேண்டாம்."

"அப்பா."

அவன் சொன்னான். மேலே சொன்னதைவிடச் சுருக்கமாகத்தான் சொன்னான். சொல்லி முடித்தபோது கார் கட்டடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருந்தது.

"அன்னிக்கு விசா ஆபீஸுக்கு உன்னை நான்தானே கூட்டிண்டு போனேன்," என்றார் சேதுமாதவன். "மால் பேஸ்மென்ட்ல கார்லயே உட்கார்ந்திருந்தேன். நீ மேலே போனே."

"ஆமா."

"அவ்வளவு நேரம் எங்கே இருந்தே?"

"ஃபுட் கோர்ட்ல."

"ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எதிரே ஒரு வண்டி பின்னால் வந்து திரும்பி, வாசலுக்கு நேர் எதிரே இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனது. அந்த நேரத்தில் யாருக்கும் கிடைக்காத இடம். சேதுமாதவன் அதைப் பார்த்தார். நிறுத்தாமல் தாண்டிப் போனார்.